அமைச்சர் கிளம்புவதற்கு முன்

வணக்கம். பதினான்கு வருடமாக ஜெர்மனியில் இருக்கிறேன், குடியுரிமையும் வாங்கிவிட்டேன். இங்கே எதைக் கேட்டாலும் அமைச்சர்கள் ‘அது பிரஸ்ஸல்ஸ் எடுத்த முடிவு’ என்கிறார்கள். அங்கே, ஐரோப்பிய யூனியன் தலைமையகத்தில் கேட்டால் ‘உறுப்பு நாடுகள் ஒப்புக்கொண்டதுதான்’ என்று பதில். நான் ஓட்டுப் போட்ட அரசை இந்த விஷயத்தில் எங்கே பிடிப்பது?

ஒரு வாசகி, ஸ்டுட்கார்ட்

அன்புள்ள சகோதரிக்கு,

பிரஸ்ஸல்ஸ் என்று தனியாக ஓர் ஆள் இல்லை. அந்த மேசையைச் சுற்றி உங்கள் அரசும்தான் உட்கார்ந்திருக்கிறது.

2017 நவம்பர் 27 உங்களுக்கு நினைவிருக்கலாம். கிளைபோசேட் என்ற களைக்கொல்லிக்கு இன்னும் ஐந்து ஆண்டு அனுமதி தருவதா என்று ஐரோப்பிய யூனியன் நாடுகளிடையே வாக்கெடுப்பு. ஆளும் கூட்டணிக்குள் கருத்து ஒத்துவராவிட்டால் ஜெர்மனி யார் பக்கமும் சாயாமல் ஒதுங்கிக்கொள்வது வழக்கம். சுற்றுச்சூழல் அமைச்சர் பார்பரா ஹென்ட்ரிக்ஸ் தனக்குச் சம்மதமில்லை என்று கூட்டத்துக்குச் சற்று முன்புகூடத் தொலைபேசியில் சொல்லியிருந்தார். ஆனாலும் விவசாய அமைச்சர் கிறிஸ்டியான் ஷ்மிட்டின் முடிவுப்படி ஜெர்மனி ஆதரவாக வாக்களித்தது. 18 நாடுகள் ஆதரவு, 9 எதிர்ப்பு. அனுமதி கிடைக்க, ஆதரிக்கும் நாடுகளில் ஐரோப்பிய யூனியன் மக்கள்தொகையில் 65 சதவீதமாவது இருக்க வேண்டும். ஜெர்மனி ஒதுங்கியிருந்தால் அந்த அளவு எட்டியிருக்காது. மறுநாள் அப்போதைய பிரதமர் மெர்கல், இது அரசு வகுத்த நிலைப்பாட்டுக்கு மாறானது என்று கண்டித்தார். ஆனாலும் கொடுத்த அனுமதி மாறவில்லை. ஷ்மிட்டும் 2018 மார்ச் வரை அமைச்சராக இருந்தார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு மனசு ஆறவில்லை. எட்டு கோடிப் பேரின் வாக்கு அது.

திரும்பி வந்தபின் கேட்டால் கண்டனம் மட்டும்தான் மிஞ்சும். கிளம்புவதற்கு முன்பே பிடிக்க வேண்டும்.

டென்மார்க் இதை 1973-லேயே கற்றுக்கொண்டது. ஐரோப்பிய யூனியனின் முன்னோடியான ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்த சில வாரங்களிலேயே, பேக்கன் (பதப்படுத்திய பன்றி இறைச்சி) ஏற்றுமதி தொடர்பாக விவசாய அமைச்சர் ஒப்புக்கொண்டு வந்த சமரசம் நாடாளுமன்றத்தில் புயலைக் கிளப்பியது. அப்போது வந்ததுதான் இன்றும் இருக்கும் முறை. பிரஸ்ஸல்ஸ் கூட்டத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை அமைச்சர் நாடாளுமன்றத்தின் ஐரோப்பிய விவகாரக் குழுவின் முன் உட்கார்ந்து, இதைக் கேட்கப்போகிறேன், இதற்கு மேல் இறங்க மாட்டேன் என்று வாய்மொழியாகச் சொல்கிறார். உறுப்பினர்கள் குடைந்து குடைந்து கேட்பார்கள். கடைசியில் குழுத் தலைவர், எந்தக் கட்சிக்கு எத்தனை இடம் என்று கணக்குப் பார்த்து, எதிராகப் பெரும்பான்மை இல்லை என்று அறிவித்தால்தான் அமைச்சர் அந்த நிலைப்பாட்டோடு போகலாம். பேச்சுவார்த்தையில் அதைத் தாண்ட வேண்டி வந்தால், திரும்பவும் குழுவிடம் கேட்க வேண்டும்.

சரி, உங்கள் ஊரில் என்ன வழி? ஜெர்மன் அரசியல் சட்டத்தின் 23-ஆவது பிரிவு, 1992-இலிருந்து, ஐரோப்பிய விவகாரங்களை நாடாளுமன்றத்துக்கு முன்கூட்டியே விரிவாகத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. நாடாளுமன்றம் கருத்துச் சொன்னால் அரசு அதைக் கணக்கில் எடுக்க வேண்டும். டென்மார்க் அளவுக்குக் கடிவாளம் இல்லை, ஆனால் கடிவாளம்தான்.

அப்புறம், ரகசியம் என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள். எந்த நாடு என்ன திருத்தம் கேட்டது என்பதில் பெயர்களை மறைத்து ஓர் ஆவணத்தை, உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் கூடும் ஐரோப்பிய யூனியன் அமைச்சர்கள் அவை கொடுத்தபோது, பெயரோடு தர வேண்டும் என்று 2013 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது.

உங்கள் தொகுதி உறுப்பினருக்கு ஒரே ஒரு கேள்வி எழுதுங்கள்: அடுத்த வாக்கெடுப்புக்கு நம் பிரதிநிதிக்கு அரசு கொடுத்திருக்கும் உத்தரவு என்ன, அதை நீங்கள் பார்த்தீர்களா? என்ன பதில் வந்தாலும் எனக்கும் அனுப்புங்கள்.