கடைசி அலகாக ஒட்டவைக்காதீர்கள்: நிலைத்தன்மை பற்றிய கேள்வி பதில்

பல்கலைக்கழகத்தின் வெவ்வேறு துறைகளில் நிலைத்தன்மையைக் கற்பிப்பவர்களும் ஆராய்பவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. சிலர் ‘வளங்குன்றாமை’ என்று எழுதியிருந்தார்கள். எனக்கும் அந்தச் சொல்தான் பிடிக்கும். ஆனாலும் பாடத்திட்டங்களில் ‘நிலைத்தன்மை’ என்றே புழங்குவதால் அதையே வைத்துக்கொள்கிறேன். இயற்கை வளங்கள் அடுத்த தலைமுறைக்கும் மிஞ்சும்படி பயன்படுத்துவதைத்தான் இரண்டும் சொல்கின்றன.

புள்ளியியல் நடத்துகிறேன் சார். எல்லாப் பாடங்களிலும் நிலைத்தன்மை வர வேண்டும் என்று சுற்றறிக்கை வந்திருக்கிறது. காலத்தொடர் பாடத்தில் எங்கே நுழைப்பது?

நுழைக்கவே வேண்டாம். ஐந்து அலகுகளுக்குப் பின் ஆறாவதாக ஒட்டவைத்தால், செமஸ்டர் முடியும்போது நேரமில்லை என்று முதலில் கழற்றிவிடுவது அதைத்தான். பயிற்சிக் கணக்கின் தரவை மட்டும் மாற்றுங்கள். ஹவாயின் மௌனா லோவா எரிமலையில் உள்ள ஆய்வகத்தில் 1958-லிருந்து காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடை அளந்து வருகிறார்கள். தொடக்கத்தில் பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. வரைந்து பார்த்தால் ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கும். வட அரைக்கோளத்தின் செடிகொடிகள் கோடையில் உள்ளிழுத்து, குளிர்காலத்தில் வெளியே விடுவதால் வருகிற பற்கள் அவை. பருவ ஏற்ற இறக்கத்தையும் நீண்டகாலப் போக்கையும் பிரித்துக் காட்ட இதைவிட நல்ல தரவை நான் பார்த்ததில்லை. ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளிலேயே 1959 முதல் 1997 வரையிலான மாத அளவுகள் இருக்கின்றன. பருவத்தைக் கழித்தபின் மிஞ்சுகிற கோட்டை மாணவர்களே பார்த்துக்கொள்வார்கள், நீங்கள் தனியாகப் பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை.

நான் வரலாறு. எங்களுக்கு இதில் என்ன வேலை?

இந்தச் சொல்லே உங்களுடையதுதான். சாக்சனியின் வெள்ளிச் சுரங்கங்களுக்கும் உருக்காலைகளுக்கும் மரம் போதாமல் போனபோது, சுரங்க நிர்வாகியான ஹான்ஸ் கார்ல் வான் கார்லோவிட்ஸ் 1713-இல் காடு வளர்ப்பு பற்றி ஒரு நூல் எழுதினார். வளர்வதற்கு ஏற்ப வெட்ட வேண்டும் என்ற பொருளில் இந்தச் சொல்லின் ஜெர்மன் வடிவம் அதில்தான் வருகிறது. நிலைத்த வளர்ச்சி பற்றி எல்லாரும் மேற்கோள் காட்டும் ஐநா ஆணையத்தின் புருண்ட்லாண்ட் அறிக்கை 1987-இல் வந்தது. இடைப்பட்ட 274 ஆண்டுகளில் அந்தச் சொல் யார் யார் கைக்குப் போனது என்பதை ஒரு செமஸ்டர் முழுக்க நடத்தலாம்.

பொதுவளம் என்றாலே ‘பொதுவளங்களின் அவலம்’ என்ற ஹார்டினின் 1968 கட்டுரையைத்தான் நடத்துகிறோம். போதுமா மேடம்? (பொருளியல்)

சார்தான், பரவாயில்லை. போதாது. அதை மட்டும் படிக்கிற மாணவர், பொதுவில் விட்டால் எல்லாம் பாழாகும் என்று நினைத்துக்கொண்டு போவார். அடுத்த வகுப்பிலேயே எலினோர் ஆஸ்ட்ரமின் 1990 நூலை எடுங்கள். அதில் சுவிட்சர்லாந்தின் டோர்பெல் என்ற ஊர் வருகிறது. குளிர்காலத்தில் தீவனம் போட்டு எத்தனை மாடுகளைக் காப்பாற்ற முடியுமோ, அத்தனையைத்தான் கோடையில் பொது மேய்ச்சலுக்கு ஓட்டலாம் என்று 1517-லேயே அங்கே விதி இருந்தது. ஆஸ்ட்ரம் அரசியல் அறிவியல்காரர். 2009-இல் பொருளியல் நோபல் பெற்றார்.

காகிதக் கோப்பையா, பீங்கான் கோப்பையா என்று பொறியியல் வகுப்பில் விவாதம் வைத்தேன். கூச்சலில் முடிந்தது.

கேள்வி அரைகுறையாக இருந்திருக்கும். ஒரு பொருளைச் செய்வதிலிருந்து தூக்கிப்போடுவது வரை ஆகும் பாதிப்பைக் கணக்கிடுவதுதான் வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு. அதில் முதல் வரியே பயன்பாட்டு அலகுதான், அதாவது எந்த அளவு பயனுக்காக ஒப்பிடுகிறோம் என்பது. ‘ஒரு கோப்பை’ என்று எழுதினால் பீங்கான் தோற்றுவிடும். ‘500 முறை சூடாகக் குடிப்பது’ என்று எழுதிப் பாருங்கள். சூளையில் எரிந்த எரிபொருள் 500 முறைக்கும் பங்கு பிரிந்துவிடும். ஆனால் கழுவும் தண்ணீர் 500 மடங்காகிவிடும். காகிதக் கோப்பைக்கு உள்பக்கப் பிளாஸ்டிக் பூச்சையும் சேர்க்க வேண்டும். என் வகுப்பில் ஒரு குழுவுக்குப் பீங்கான் ஜெயித்தது, பக்கத்துக் குழுவுக்குத் தோற்றது. இரண்டு கணக்கிலும் தப்பில்லை. ஒரு குழு பச்சைத் தண்ணீரில் கழுவியது, மற்றது வெந்நீரில். அப்போது சமூகவியலிலிருந்து விருப்பப்பாடமாக வந்திருந்த ஒரு மாணவி, “யார் சார் கழுவுறது?” என்று கேட்டாள். அட்டவணையில் அதற்குப் பத்தியே இல்லை. நானும் அதுவரை யோசித்ததில்லை. இப்போது பயிற்சித்தாளில் அந்தப் பத்தியைச் சேர்த்துவிட்டேன்.

கழிவுநீர் மறுபயன்பாடு பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஒரு கைடு வேதியியல், இன்னொருவர் சமூகவியல். நடுவில் நான் மாட்டிக்கொண்டேன்.

இரண்டு பேரிடமும் ‘பாதுகாப்பான நீர்’ என்றால் என்ன என்று தனித்தனியாகக் கேளுங்கள். ஒருவர் அளவு வரம்புகளைச் சொல்வார். இன்னொருவர், மக்கள் தயங்காமல் பயன்படுத்துவது என்பார். முக்கால்வாசிச் சண்டை இந்த மாதிரிச் சொற்களில்தான் ஒளிந்திருக்கும். அப்புறம் ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதுங்கள்: இப்படிப்பட்ட நாலைந்து சொற்களுக்கு இந்த ஆய்வில் என்ன பொருள், எந்த இயலுக்கு யாருடைய முறையியல், எந்தக் கட்டுரையில் யார் பெயர் முதலில். இருவரும் மின்னஞ்சலில் ‘சரி’ என்று பதில் போடும்வரை மாதிரி எடுக்கப் போகாதீர்கள். இன்னொன்று, கசப்பாக இருந்தாலும் சொல்கிறேன்: பட்டம் எந்தத் துறையின் பெயரில் வரும் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். வேலை விளம்பரங்கள் இன்னும் ஒற்றைத் துறையைத்தான் கேட்கின்றன. இரண்டு துறைக்கும் பொதுவாக எழுதிய ஆய்வேட்டை இரண்டு தேர்வாளர்களும் பாதி ஆய்வேடாகப் பார்த்ததை நான் கண்டிருக்கிறேன்.

ஒவ்வொரு ஆய்வுக் கட்டுரைக்கும் ஐநாவின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் (SDG) ஒன்றின் எண்ணைப் போடச் சொல்கிறார்கள். பயன் உண்டா?

கோப்பில் அடுக்கப் பயன்படும். 17 இலக்குகளோடு நிற்காமல் 169 உட்குறிக்கோள்களில் எது என்று கேட்டால் கொஞ்சம் யோசிக்கவைக்கும். உங்கள் ஆய்வு எந்த இலக்கோடு மோதுகிறது என்றும் எழுதச் சொன்னால் இன்னும் நல்லது. ஓர் அணை 7-ஆம் இலக்குக்கு மின்சாரம் தரும், 15-ஆம் இலக்கின் காட்டை முழுகடிக்கும்.

வளாகத்தையே ஆய்வுக்களமாக வைக்க ஆசை. நிர்வாகம் தரவு தர மறுக்கிறது.

‘தரவு’ என்று கேட்டால் யாரும் தர மாட்டார்கள், பயப்படுவார்கள். பராமரிப்புப் பிரிவின் மின் பொறியாளரிடம் நேரில் போய், மூன்று வருட மின் ரசீதுகளின் நகல் கேளுங்கள். முதல் வேலையாக, இரவு இரண்டு மணிக்கு மீட்டர் என்ன காட்டுகிறது என்று மாணவர்களைக் குறிக்கச் சொல்லுங்கள். ஆள் இல்லாத கட்டடம் அப்போதும் நிறைய இழுத்துக்கொண்டிருந்தால், வேதியியல் ஆய்வகத்தில் நச்சுப்புகையை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹூட்டிலிருந்து தேட ஆரம்பிக்கலாம். ஏசி போட்டுக் குளிரவைத்த காற்றை அது ராத்திரி முழுக்க வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்.