கடைக்கண்டத்துக்குத் தண்ணீர் வரவில்லை: பொலிசுக்குப் போவதா?

தம்பி, மட்டக்களப்பு உன்னிச்சைக் குளத்துப் பக்கம் கடைக்கண்டத்தில், அதாவது வாய்க்காலின் கடைசிப் பகுதியில் வயல், சிறுபோகத் (வெயில்காலப் போகத்) தண்ணீரை மேல்பகுதியில் வயல் வைத்திருக்கும் மேல்கண்டத்தார் இரவில் மறிக்கிறார்கள், வாய்ச்சண்டை மண்வெட்டி ஓங்கும் அளவுக்கு வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் காலநிலை மாற்றம்தான் காரணம் என்று உங்கள் மருமகன் சொல்வது பாதி உண்மை. மழை தவறினால் குளம் வற்றும், வெயில் கூடினால் இருப்பதும் ஆவியாகும், பங்கு சுருங்கும். மண்வெட்டியைத் தூக்குவது வெயில் அல்லவே! ஐ.நா. காலநிலைக் குழுவின் 2022ஆம் ஆண்டு அறிக்கையும் மோதல்களில் காலநிலைக்குப் பங்கு உண்டு, ஆனால் வறுமையும் மோசமான நிர்வாகமும் அதைவிடப் பெரிய காரணங்கள் என்றே சொல்கிறது.

அம்பாறையைப் பாருங்கள். 1981 சிறுபோகத்தில் சேனநாயக்க சமுத்திரம் என்ற பெரிய குளத்தில் நீர் மிகக் குறைவு. அதிலிருந்து நீர் பெறும் கல்லோயா இடதுகரை வாய்க்காலின் தலைப்பகுதியில் பெரும்பாலும் சிங்கள விவசாயிகள், கடைப்பகுதியில் தமிழ் பேசுவோர். அடிபிடிக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் அவர்கள் வாய்க்கால் வாரியாகக் கூடினார்கள், துப்புரவாக்கினார்கள், முறை வைத்துப் பாய்ச்சினார்கள், மிச்சத்தைக் கீழே விட்டார்கள். நாட்டில் அன்றிருந்த இனப்பதற்றத்தில் அது சின்ன விஷயமில்லை.

பொலிஸ் கடைசி வழி. போகத் தொடக்கத்தில் விவசாயிகளும் அதிகாரிகளும் கூடும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தின் முடிவுகள் சட்டப்படி எல்லோரையும் கட்டுப்படுத்தும். அந்தக் கூட்ட அறிக்கையின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். பிறகு வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையையும் மேல்கண்டத்தார் இருவரையும் அழைத்துப் பகலில் வாய்க்கால் நெடுக நடந்து பாருங்கள். பாதித் தண்ணீர் உடைந்த வாய்க்கால் கரை வழியாக வீணாய்ப் போய்க்கொண்டிருக்கவும் கூடும். இரவுக் காவலுக்கு மட்டும் தனியாகப் போகாதீர்கள்.