வாசகர் கேள்வி – பதில்: மலைமேல் என்ஜின் நின்றால்

கேள்வி: ஒற்றை என்ஜின் சிறு விமானம் எங்கள் மலைக்கு மேல் பறக்கும்போது என்ஜின் நின்றுவிட்டால், அது கல்லைப்போல் விழுந்துவிடுமா?
– வாசகர், குன்னூர்

பதில்: விழாது. என்ஜின் நின்றாலும் இறக்கைகள் தம் வேலையை நிறுத்துவதில்லை. மூக்கைச் சற்றுத் தாழ்த்தி வேகத்தைக் காத்துக்கொண்டால் விமானம் சறுக்கிப் பறந்தபடியே இறங்கும். பயிற்சிப் பள்ளிகளில் பரவலாக உள்ள செஸ்னா 172, மணிக்கு ஏறத்தாழ 120 கி.மீ. வேகத்தில் இப்படி இறங்கும்போது, காற்று எதிர்க்காவிட்டால், ஒரு கி.மீ. உயரம் இழப்பதற்குள் சுமார் 9 கி.மீ. தூரத்தைக் கடந்துவிடும்.

இந்தக் கணக்கை உங்கள் ஊருக்கே போட்டுப் பார்ப்போம். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் நேர்க்கோட்டில் சுமார் 16 கி.மீ.; அதைக் கடக்க ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம் செலவாகும். மேட்டுப்பாளையமோ கடல்மட்டத்துக்கு 300 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. ஆகவே, தொட்டபெட்டா சிகரத்தையும் (2,637 மீட்டர்) தாண்டிய 2,700 மீட்டரில் வருபவருக்குச் சமவெளி எட்டிவிடும். தேயிலைத் தோட்டங்களை அருகிலிருந்து ரசிப்பதற்காக 2,000 மீட்டரில் வருபவருக்கு எட்டாது. விமானியின் முக்கியமான முடிவு என்ஜின் நின்ற பிறகு எடுக்கப்படுவதே அல்ல என்று நான் சொல்வது இதனால்தான்.

சமவெளி எட்டாதவர் மலைச்சரிவிலேயே இறங்கியாக வேண்டும். தேயிலைச் சரிவு மேலிருந்து பார்க்க விரித்த பாய்போலத் தெரியும். நெருங்கினால்தான் நிழலுக்காக நட்ட சில்வர் ஓக் மரங்கள் புலப்படும். இருந்தும், கட்டுப்பாடு குலையாமல், மேட்டை நோக்கி, குறைந்த வேகத்தில் இறங்குபவர் பிழைக்க வாய்ப்புண்டு. இன்னும் சற்றுத் தூரம் போய்விடலாம் என்ற ஆசையில் மூக்கை உயர்த்துபவரின் வேகம் செத்து, இறக்கை தாங்கும் திறனை இழந்து, விமானம் குப்புறச் சாயும். அப்போதுதான் நீங்கள் சொன்ன கல்லின் கதை.

கேள்வி: மூடுபனி என்ஜினை நிறுத்திவிடும் என்கிறார்களே, உண்மையா? இங்கே நீர் உறையும் குளிர் எப்போதாவதுதானே வருகிறது?
– வாசகி, கோத்தகிரி

பதில்: உண்மைதான், அதற்கு உறைகுளிர் தேவையில்லை. பெட்ரோலைக் காற்றோடு கலந்து என்ஜினுக்குத் தரும் கார்புரேட்டரின் குறுகிய தொண்டையில் காற்று விரிவதாலும் பெட்ரோல் ஆவியாவதாலும் வெப்பம் 20 டிகிரிக்கு மேல்கூடக் குறையலாம். வெளியே 15 டிகிரியும் ஈரம் நிறைந்த காற்றும் இருந்தால், அதாவது உங்கள் ஊரின் சாதாரணக் காலைப்பொழுதில், உள்ளே பனிக்கட்டி படிந்து காற்றின் வழியை அடைக்கும். புரொப்பல்லரின் சுழற்சி காரணமின்றி மெல்லக் குறைவது முதல் அறிகுறி.

உடனே கார்புரேட்டர் ஹீட் குமிழை முழுமையாக இழுத்து, சூடான காற்றை உள்ளே விட வேண்டும். சோதனை இங்கேதான். உருகிய நீர் என்ஜினுக்குள் போவதால், அது சற்று நேரம் முன்பைவிட மோசமாக இருமும். அனுபவம் குறைந்தவர், தாம் செய்தது தவறு என்றெண்ணிக் குமிழைத் திரும்பத் தள்ளிவிடுவார். பனிக்கட்டி மீண்டும் படியும். அந்த இருமலைப் பொறுத்துக்கொள்பவருக்கு என்ஜின் திரும்பக் கிடைக்கும்.

கேள்வி: 2021 டிசம்பர் 8 அன்று நஞ்சப்பசத்திரத்தில் ஹெலிகாப்டர் விழுந்ததும் என்ஜின் கோளாறால்தானா?
– வாசகர், வெலிங்டன்

பதில்: இல்லை. முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத் உட்பட 14 பேரைப் பலிகொண்ட அந்த விபத்தில், இயந்திரக் கோளாறோ நாசவேலையோ இல்லை என்று விமானப்படையின் விசாரணைக் குழு கண்டது. பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறி, ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்ததும், அதனால் விமானி திசையுணர்வை இழந்ததுமே காரணம் என்று அது கூறியது. நீலகிரியில் என்ஜினைவிட மேகத்துக்கே அதிகம் அஞ்ச வேண்டும் என்பது என் எண்ணம். கண்பார்வையை மட்டும் நம்பிப் பறக்கும் சிறு விமான ஓட்டிகளுக்குப் பள்ளத்தாக்கின் நடுவே போகாமல் ஒரு பக்கச் சரிவை ஒட்டியே பறக்கக் கற்றுக்கொடுப்பதும் இதற்காகத்தான். எதிரே மேகம் அடைத்துக்கொண்டால், திரும்பி வருவதற்குப் பள்ளத்தாக்கின் முழு அகலமும் அவர்களுக்குக் கிடைக்கும்.