ஒப்பரேஷனுக்குத் திகதி குறித்த பிறகு இன்னொரு வைத்தியரிடம் கேட்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 46 வயது. கொழுந்து பறிக்கிறார். ஒரு வருடமாக மாதப்போக்கு மிக அதிகம். ஸ்கேன் பார்த்துவிட்டு, கர்ப்பப்பையில் கட்டி, கர்ப்பப்பையையே எடுக்க வேண்டும் என்று சொல்லித் திகதியும் தந்துவிட்டார்கள். வேறு டொக்டரிடமும் காட்டச் சொல்கிறார்கள் சொந்தக்காரர்கள். அப்படிக் காட்டினால் முதல் டொக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று அம்மா பயப்படுகிறார்.
– வாசகி, பொகவந்தலாவை

பதில்: தாராளமாகக் காட்டலாம். ஆனால் கிடைத்த திகதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். திகதியை ரத்துச் செய்துவிட்டு இன்னொருவரைத் தேடிப் போய், அவரும் அதையே சொன்னால் மறுபடி வரிசையின் கடைசியில்தான் நிற்க வேண்டிவரும். முதல் வைத்தியரிடமே, “டொக்டர், வீட்டில் எல்லோருக்கும் மனம் ஆறுவதற்காக இன்னொரு நிபுணரிடமும் கேட்கிறோம், ஒரு கடிதம் தாருங்கள்” என்று நேராகக் கேளுங்கள். இது நோயாளியின் உரிமை. பெரிய சத்திரசிகிச்சைக்கு முன் இப்படிக் கேட்பது வைத்தியர்களுக்குப் புதிதும் அல்ல.

கர்ப்பப்பையில் வரும் நார்க்கட்டி பெரும்பாலும் புற்றுநோய் அல்ல, மெதுவாகத்தான் வளரும். அதனால் சில வாரம் எடுத்து யோசிக்க அவகாசம் உண்டு. ஆனால் மணிக்கு ஒரு பேட் வீதம் தொடர்ந்து நனைந்தாலோ, தலைசுற்றி மயக்கம் வந்தாலோ, மேடு ஏறும்போது மூச்சு வாங்கினாலோ அந்த அவகாசம் இல்லை. உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

இரண்டாவது வைத்தியரிடம் போகும்போது கிளினிக் கொப்பி, டயக்னோசிஸ் கார்ட், ஸ்கேன் ரிப்போர்ட், இரத்தப் பரிசோதனைகள், குடிக்கும் மருந்துகளின் பெயர்கள் எல்லாம் கையில் இருக்க வேண்டும். நாட்டு மருந்தையும் மறைக்க வேண்டாம். பலர் ஸ்கேன் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ரிப்போர்ட்டை வீட்டில் வைத்துவிட்டு வருகிறார்கள். படத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாமல் வைத்தியர் மறுபடி ஸ்கேன் எழுதுவார். பணமும் போகும், ஒரு நாள் சம்பளமும் போகும். ரிப்போர்ட்டில் எத்தனை கட்டி, ஒவ்வொன்றும் எவ்வளவு பெரிது, எந்த இடத்தில் என்ற மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். இடம்தான் முக்கியம். கர்ப்பப்பையின் உட்குழிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் 2 சென்டிமீட்டர் கட்டி, வெளிச்சுவரில் இருக்கும் அதைவிடப் பெரிய கட்டியைக் காட்டிலும் அதிகம் இரத்தம் போகச் செய்யலாம். 45 வயதுக்கு மேல் இப்படி இரத்தம் போனால் கர்ப்பப்பை உள்தோலில் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பார்கள். அந்தப் பரிசோதனை நடந்ததா என்று கேளுங்கள். நடந்திருந்தால் ரிப்போர்ட் அவசியம்.

காலையில் அரசாங்க கிளினிக்கில் பார்த்த அதே நிபுணரை மாலையில் பணம் கட்டித் தனியாரில் பார்ப்பது, அதாவது சேனல் செய்வது, இரண்டாவது ஆலோசனை ஆகாது. வேறு வைத்தியசாலையில், வேறு பிரிவில் உள்ளவராக இருக்க வேண்டும். உங்கள் பக்கத்திலிருந்து நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் பேராதனைக்கோ கண்டிக்கோ போகலாம். ஒரு தடவை சேனல் செய்து, “உங்கள் அரசாங்க கிளினிக் என்ன கிழமை, அங்கே வரலாமா?” என்று கேட்டுவிட்டால் அடுத்த முறைகளுக்குப் பணம் மிச்சம்.

அங்கே கேட்க வேண்டியது: இரத்தப்போக்கு நாட்களில் குடிக்கும் டிரானெக்சமிக் அமிலம் போதுமா? இரத்தப்போக்கைக் குறைக்கக் கர்ப்பப்பைக்குள் ஹோர்மோன் லூப் வைக்கலாமா? கட்டியை மட்டும் எடுக்க முடியுமா? மாதவிடாய் நிற்கும் வயது பொதுவாக 50ஐ ஒட்டி வருகிறது, அதற்குப் பிறகு கட்டி சுருங்கும் என்பதால் மருந்தோடு காத்திருக்கலாமா? எடுத்தே ஆக வேண்டுமென்றால் சூலகங்களை (முட்டைப்பைகளை) விட்டுவைப்பார்களா? வயிற்றை வெட்டிச் செய்தால் ஆறு வாரத்துக்காவது பாரம் தூக்கக் கூடாது. கொழுந்து மூட்டையும் இதில் சேரும். அதற்கான கடிதத்தை அப்போதே கேட்டு வாங்குங்கள்.

எந்த முடிவானாலும் ஹீமோகுளோபினை ஏற்ற வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்கினால் உடம்பில் சரியாகச் சேராது. தேத்தண்ணிக்கு ஒரு மணி நேரமாவது முன்னும் பின்னும் இடைவெளி விட்டு, தேசிக்காய்த் தண்ணீரோடு குடிக்கட்டும். மலையகத்தில் மாதக்கணக்கில் மாத்திரை குடித்தும் இரத்தம் ஏறாததற்கு இதுவும் ஒரு காரணம்.

இருவரும் வேறு வேறாகச் சொன்னால் மூன்றாவது ஆளிடம் போய் வாக்கெடுக்க வேண்டாம். எதில் வேறுபடுகிறார்கள் என்று கேளுங்கள். நோய் என்ன என்பதிலேயே வேறுபாடு என்றால் இன்னொரு பரிசோதனை வேண்டும். எவ்வளவு காலம் பொறுக்கலாம் என்பதில்தான் வேறுபாடு என்றால், அதை முடிவு செய்ய வேண்டியவர் அம்மாதான்.

கேள்வி: அப்பாவுக்குச் சீனி வருத்தம். கால்விரல் கறுத்துப் புண்ணாகிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்கிறார்கள். துண்டு வெட்டி (டிஸ்சார்ஜ் வாங்கி) வேறு இடத்துக்குக் கொண்டு போகலாமா?
– வாசகர், அப்புத்தளை

பதில்: புண்ணில் நாற்றம், சீழ், காய்ச்சல், மேலே ஏறும் சிவப்பு, இவற்றில் ஏதாவது இருந்தால் கொண்டு போகாதீர்கள். கிருமி இரத்தத்தில் கலந்தால் காலுக்கு முன் உயிர் போய்விடும். இரண்டாவது ஆலோசனையை வார்ட்டுக்குள்ளேயே கேளுங்கள்: “இரத்தக்குழாய் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரிடம் கேட்டுச் சொல்ல முடியுமா?” அங்கே அவர் இல்லாவிட்டால் தொலைபேசியில் பேசி, தேவைப்பட்டால் அம்புலன்ஸில் மாற்றி அனுப்புவார்கள்.

விரல் காய்ந்து கறுத்து, காய்ச்சலும் சீழும் இல்லையென்றால் சில நாள் அவகாசம் கிடைக்கலாம். அது போதுமா என்பதை வைத்தியர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் டொப்ளர் ஸ்கேன் செய்து காலுக்கு இரத்தம் ஓடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். குழாய் அடைப்பைத் திறக்க முடிந்தால், காலை எடுக்க வேண்டிய இடத்தில் விரலோடு முடியலாம். இதற்கிடையில் சுடுதண்ணீர் ஒத்தடமும் பச்சிலைக் கட்டும் வேண்டவே வேண்டாம். உணர்வு குறைந்த கால் வெந்தாலும் அவருக்குத் தெரியாது.

கேள்வி: சம்மதப் பத்திரம் விளங்காத மொழியில் இருந்தால் கையெழுத்து வைக்கலாமா?
– வாசகர், ஹட்டன்

பதில்: விளங்கும்வரை வைக்க வேண்டாம். தமிழில் விளக்கச் சொல்லுங்கள். தமிழ் தெரிந்த தாதியோ வைத்தியரோ இல்லையென்றால் சிங்களம் நன்றாகத் தெரிந்த பெரியவர் ஒருவரை அழைத்துப் போங்கள், பள்ளிப் பிள்ளையை அல்ல. எந்த உறுப்பு, எந்தப் பக்கம், எதற்காக, செய்தால் என்ன ஆபத்து, செய்யாவிட்டால் என்ன ஆபத்து என்று கேட்டுத் தெரிந்துகொண்டு கையெழுத்திடுங்கள். கையெழுத்து வைத்த பிறகும், மயக்க மருந்து கொடுக்கும்வரை நோயாளி மனம் மாறலாம்.