யானைக்குட்டியின் அப்பா – கடிதம்

வணக்கம். தாயை இழந்த யானைக்குட்டிகளைப் பற்றிய செய்திகளில் எல்லாம் 'குட்டிக்குப் பாகன்தான் அப்பா' என்று எழுதுகிறார்கள். யானைக் கூட்டத்தில் அப்பாவுக்கு இடமே கிடையாதே? இன்னொன்று. கென்யாவில் ஒரே ஆள் தொடர்ந்து ஒரு குட்டிக்கு ராத்திரித் துணையாகப் படுக்கக் கூடாதாம். நம் முதுமலை தெப்பக்காடு யானை முகாமில் ஒரு தம்பதியிடமே குட்டியை ஒப்படைத்தார்கள். எது சரி? எங்கள் பள்ளிப் பிள்ளைகளை முகாமுக்கு அழைத்துப் போனால், புட்டிப்பால் கொடுக்க விடும்படி கேட்கலாமா?

கே.

அன்புள்ள கே.,

ஆண் யானை இணை சேர்ந்ததும் தன் வழியே போய்விடும். குட்டியை வளர்ப்பது தாயும் பாட்டியும் சித்திமாரும் அக்காமாரும்தான். ஆகவே பாகன் தலையில் விழுவது அப்பாவின் வேலை அல்ல, ஒரு கூட்டமே பங்குபோட்டுச் செய்கிற வேலை. அதில் முக்கால்வாசி பால்தான்.

பசும்பாலின் கொழுப்பு யானைக்குட்டிக்குச் செரிக்காது. கொடுத்தால் கழிச்சல், உடம்பில் நீர் வற்றுதல், சில நாளில் சாவு. கென்யாவில் அநாதை யானைக்குட்டிகளை வளர்த்த டாப்னி ஷெல்ட்ரிக் பல குட்டிகளைப் பறிகொடுத்த பிறகே, தேங்காய் எண்ணெய் சேர்ந்த குழந்தைப் பால்பவுடர் ஒத்துக்கொள்கிறது என்று கண்டார். அப்படித் தேறிய முதல் பச்சிளங்குட்டி ஆயிஷா, 1974இல். இன்றும் இது லேசான காரியமில்லை. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டத்தில் கிணற்றில் விழுந்து மீட்கப்பட்ட குட்டியைத் தெப்பக்காட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அனுபவசாலிகளின் கையில் இருந்தும் வயிற்றுப்போக்கில் அது இறந்துபோனது.

பால் உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரியிலும். குட்டி வாயால்தான் குடிக்கும். தும்பிக்கையை மேலே சுருட்டித் தாயின் உடம்பில் சாய்த்துக்கொள்ளும். சாய்க்க இடமில்லாவிட்டால் சில குட்டிகள் புட்டியைத் தொடவே தொடாது. அதனால் நைரோபியில் ஷெல்ட்ரிக் காப்பகத்தில் ஒரு கம்பளியைக் கயிற்றில் தொங்கவிட்டு, அதன் ஓரமாகப் புட்டியை நீட்டுகிறார்கள். குட்டி தும்பிக்கையைக் கம்பளியில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடிக் குடிக்கும். நிப்பிளின் ஓட்டை பெரிதானால் பால் மளமளவென்று இறங்கிப் புரையேறும்; நுரையீரலுக்குள் போனால் நிமோனியா.

பாகன் காலையில் முதலில் பார்ப்பது குட்டியின் லத்தியை, அதாவது சாணத்தைத்தான். தண்ணீராகப் போனால் பாலை நிறுத்தி அல்லது நீர்க்கவைத்து, உப்புசர்க்கரைக் கரைசல் கொடுத்து, டாக்டரைக் கூப்பிடுவார். காட்டில் குட்டி தாயின் லத்தியைத் தின்னும். புல்லைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் வயிற்றுக்குள் போவது அப்படித்தான். கூட்டம் இல்லாத இடத்தில், நோயில்லாத பெரிய யானையின் புதிய லத்தியைக் குட்டிக்கு எட்டும்படி வைக்க வேண்டும். இதை அருவருப்பென்று ஒதுக்கினால் நஷ்டம் குட்டிக்குத்தான். வெயிலும் ஒரு தொல்லை. தாயின் வயிற்றடி நிழலில் நிற்க வேண்டியது வெட்டவெளியில் நின்றால் காது வெந்துபோகும். ராத்திரியில் போர்வை, வைக்கோல் மெத்தை, பக்கத்தில் ஓர் ஆள்.

அந்த ஆள் யார் என்பதுதான் உங்கள் இரண்டாவது கேள்வி. ஆயிஷா ஆறு மாதக் குட்டியாக இருந்தபோது, மகளின் கல்யாணத்துக்காக டாப்னி சில நாட்கள் வெளியே போனார். குட்டி தீனியை மறுத்து இறந்துவிட்டது. ஷெல்ட்ரிக் அறக்கட்டளையில் ஒவ்வொரு ராத்திரியும் ஆள் மாற்றும் வழக்கம் அந்தச் சாவு கற்றுக்கொடுத்தது. எல்லோருக்கும் ஒரே பச்சைக் கோட்டு. குட்டி ஒருவரிடம் அல்ல, ஒரு குழுவிடம் ஒட்டிக்கொள்ளும். மூன்று வயதுவாக்கில் அதை கென்யாவின் சாவோ (Tsavo) காட்டுக்கு மாற்றுவார்கள். அங்கே காட்டுக் கூட்டங்களோடு பழகிப் பழகி, சில வருடங்களில் அதுவாகவே போய்விடும்.

தெப்பக்காட்டின் கணக்கு வேறு. அங்கே வளரும் குட்டி பெரும்பாலும் முகாம் யானையாகவே இருந்துவிடும். ஆயுசு முழுக்க ஒரு மாவுத்தனும் (பாகன்) அவருக்கு உதவியாக ஒரு காவடியும் அதற்கு வேண்டும். 2017இல் வந்த ரகு என்ற குட்டியை பொம்மன், பெள்ளி தம்பதி வளர்த்ததை அந்த முறையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். 2023இல் பெள்ளிக்குத் தமிழ்நாட்டின் முதல் பெண் காவடியாகத் தற்காலிக அரசு வேலையே கிடைத்தது. ஆனால் அங்கேயும் குட்டி வளர்ந்ததும் வேறு ஆளிடம் மாற்றினார்கள். பிரிவு இரண்டு பக்கமும் வலித்தது. காட்டுக்குப் போக வேண்டிய குட்டிக்குச் சுழற்சி முறை, முகாமில் தங்கும் குட்டிக்கு நிலையான ஆட்கள், அதுவும் குறைந்தது இருவர் என்பேன். எங்கேயானாலும் இன்னொரு குட்டி துணைக்கு இருந்தால் மனிதரின் பாரம் பாதி குறையும்.

அப்பாவின் சாயல் பாகனிடம் இருக்கிறது என்றால் அது கண்டிப்பில்தான். ஓரிரு வயதுக் குட்டி விளையாட்டாக முட்டினாலே விலா எலும்பு நொறுங்கும். விரலை உயர்த்தி, குரலைத் தாழ்த்தி அதட்டினால் போதும். அடித்தால் குட்டி அதை மறக்காது.

ஒன்று மட்டும் எந்தப் பாகனாலும் முடியாது. தென்னாப்பிரிக்காவின் பிலனெஸ்பெர்க் பூங்காவில், பெரிய யானைகளே இல்லாமல் வளர்ந்த அநாதை ஆண் யானைகளுக்கு இளம் வயதிலேயே மதம் பிடித்தது. 1990களில் அவை நாற்பதுக்கும் மேற்பட்ட காண்டாமிருகங்களைக் கொன்றன. 1998இல் குரூகர் காட்டிலிருந்து ஆறு பெரிய ஆண் யானைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். இளசுகளின் மதம் அடங்கியது, கொலையும் நின்றது. ஆகவே யானைக்கு அப்பா தேவையே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அது பெற்ற தகப்பனாக இருக்க வேண்டியதில்லை, மூத்த கொம்பனாக இருக்க வேண்டும்.

பிள்ளைகள் பால் கொடுப்பது வேண்டாம். காசநோய் மனிதரிடமிருந்து யானைக்குத் தொற்றும். நன்றாக நடத்தப்படும் இடங்களில் பராமரிப்பவர்களுக்கே பரிசோதனை உண்டு. தெப்பக்காட்டில் பெரிய யானைகளுக்கு ராகிக் களியும் கொள்ளும் உருட்டிக் கொடுப்பதைத் தள்ளி நின்று பார்க்கலாம். அந்த நேரத்துக்குப் போங்கள். எந்த யானைக்கு எவ்வளவு என்று எழுதிய பலகை இருந்தால் பிள்ளைகளைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.