முன்பணம் கட்டுவதற்கு முன் உள்ளே உட்கார்ந்து பாருங்கள்

கேள்வி: என் மகனுக்கு மூன்றரை வயது ஆகிறது. பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை. ஒன்றிரண்டு சொற்களைத் தவிரப் பேச்சில்லை. பொம்மைக் காரைக் கவிழ்த்துப் போட்டு அதன் சக்கரத்தையே சுற்றிக்கொண்டிருக்கிறான். மதுரையில் ஒரு மருத்துவர் பார்த்துவிட்டு, ‘ஐசா’ மதிப்பெண் 98, ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்தார். எங்கள் ஊரில் உள்ள ஒரு தெரபி மையத்தினர், தினமும் மூன்று மணி நேரம் விட்டால் ஓராண்டில் முழுமையாகக் குணமாக்கிவிடுவதாகச் சொல்கிறார்கள். ஆறு மாதப் பணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டுமாம். பெற்றோர் உள்ளே வரக்கூடாதாம். வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலம் மட்டும் பேச வேண்டுமாம். என் கணவர் நகையை விற்று ஸ்டெம் செல் சிகிச்சை செய்யலாம் என்கிறார். மாமியாரோ, ‘இவன் அப்பாவும் லேட்டாகத்தான் பேசினான், விடு’ என்கிறார். நான் யாருடைய பேச்சைக் கேட்பது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: அன்புச் சகோதரி, அந்த முன்பணத்தைக் கட்டாதீர்கள். ஓராண்டில் முழுக் குணம் என்று வாக்குக் கொடுப்பவர், பெற்றோரை வாசலிலேயே நிறுத்துபவர், தாய்மொழியை விடச் சொல்பவர் ஆகிய மூவரும் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கும்போது, அங்கே குழந்தையை ஒப்படைக்கத் தயங்குவதுதான் நியாயம். உங்கள் தயக்கம் சரியானது.

முதலில் அந்த 98 என்ற எண்ணைப் பார்ப்போம். ஐசா என்பது ஆட்டிசத்தை மதிப்பிட நம் நாட்டில் உருவாக்கப்பட்ட அளவுகோல். அதில் உள்ள 40 கூறுகள் ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் இடுவார்கள். கூட்டுத்தொகை 70-க்குக் கீழே இருந்தால் ஆட்டிசம் இல்லை. 70 முதல் 106 வரை லேசானது. 107 முதல் 153 வரை மிதமானது. அதற்கு மேல் தீவிரமானது. ஆக, உங்கள் மகன் இன்று லேசான பிரிவில் இருக்கிறான். இது இன்றைய நிலையைக் காட்டும் குறிப்பு மட்டுமே. பத்து வயதில் அவன் எப்படி இருப்பான் என்பதை இதை வைத்து யாராலும் கணித்துவிட முடியாது. கடிதத்தில் நீங்கள் சொல்லாத ஒன்றைக் கேட்கிறேன்: செவித்திறன் பரிசோதனை நடந்ததா? கூப்பிட்டால் திரும்பாத எந்தக் குழந்தைக்கும் ‘பெரா’ பரிசோதனை செய்து, காது நன்றாகக் கேட்கிறது என்பதை உறுதிப்படுத்த வேண்டும். நடக்கவில்லை என்றால் அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்து, சிகிச்சை என்பது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆட்டிசத்தை நீக்கும் மாத்திரையோ ஊசியோ இன்றுவரை கிடையாது. கடுமையான எரிச்சலோ தன்னைத்தானே அடித்துக்கொள்ளும் பழக்கமோ இருந்தால், ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகளை மருத்துவர் தருவது உண்டு. அவை அந்தத் தொல்லைகளைத் தணிக்குமே தவிரப் பேச்சைக் கொண்டுவராது. பேச்சு, விளையாட்டு, பிறரோடு பழகுவது, தானே உண்பது, உடுத்துவது ஆகியவற்றைக் குழந்தைக்குப் புரியும் வழியில், அவனுக்கு ஏற்ற வேகத்தில் கற்றுக்கொடுப்பதைத்தான் தெரபி என்கிறோம். இந்த வேலையைப் பலர் பகிர்ந்து செய்கிறார்கள். ஸ்பீச் தெரபிஸ்ட் தொடர்புகொள்ளும் திறனைப் பார்ப்பார். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் சத்தம், தொடுதல் போன்றவற்றால் வரும் சிரமங்களையும் அன்றாட வேலைகளையும் பார்ப்பார். சிறப்புக் கல்வியாளர் கற்றலைக் கவனிப்பார். இவர்களில் ஸ்பீச் தெரபிஸ்ட், சிறப்புக் கல்வியாளர், மருத்துவ உளவியலாளர் ஆகியோர் இந்திய மறுவாழ்வு மன்றமான ஆர்.சி.ஐ.யில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. முறையாகப் படித்தவர் தயங்காமல் சொல்வார். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டிடம் அவருடைய பட்டப்படிப்பைக் கேளுங்கள். பலகையில் ஒரு தகுதியாளரின் பெயர் இருக்க, குழந்தையோடு உட்காருபவர் சில வாரப் பயிற்சி மட்டும் பெற்றவராக இருப்பதும் உண்டு. ஆகவே, ‘என் மகனோடு தினமும் யார் இருப்பார்?’ என்று வெளிப்படையாகவே கேளுங்கள்.

பட்டத்தைப் போலவே முக்கியமானது, அந்த அறைக்குள் நடப்பது. நல்ல தெரபிஸ்ட் உங்கள் மகனின் கையிலிருந்து காரைப் பிடுங்க மாட்டார். தரையில் அவன் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, தானும் ஒரு காரைக் கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தைச் சுற்றுவார். அவன் ஓரக்கண்ணால் பார்க்கும் வரை பேசாமல் இருப்பார். பார்த்ததும் ‘சுத்து’ என்று ஒரே ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு, சக்கரத்தை நிறுத்திக் காத்திருப்பார். அவன் அவருடைய கையைத் தொட்டாலும் சரி, ஓர் ஒலி எழுப்பினாலும் சரி, அதைக் கேட்டதாகவே எடுத்துக்கொண்டு மறுபடி சுற்றுவார். அந்தக் காத்திருப்பில்தான் வேலையே இருக்கிறது. பிறகு உங்களைப் பக்கத்தில் உட்காரவைத்து, ‘இப்போது நீங்கள் செய்யுங்கள்’ என்பார். வீட்டில் முறுக்கு டப்பாவின் மூடியை இறுக்கி மூடி அவனிடம் கொடுத்துவிட்டு, அவன் உங்கள் முகத்தைப் பார்க்கும் வரை காத்திருப்பதும் இதே பாடம்தான். மாறாக, தாடையைப் பிடித்துக் கண்ணைப் பார்க்க வைப்பது, பசியோடு உட்காரவைத்துச் சொல் கேட்பது, அழுதுகொண்டிருக்கும்போதும் பயிற்சியைத் தொடர்வது ஆகியவற்றைக் கண்டால் அன்றே வெளியே வந்துவிடுங்கள். எவ்வளவு பெயர் பெற்ற இடமாக இருந்தாலும் சரி.

பெற்றோரை உள்ளே விடுவதை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் நடத்தப்பட்டு 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், நிபுணர்கள் அல்லாத, ஆனால் முறையாகப் பயிற்சி பெற்ற பணியாளர்கள் பெற்றோருக்குத்தான் கற்றுக்கொடுத்தார்கள். குழந்தையின் போக்கைப் புரிந்துகொண்டு பெற்றோர் பதில் கொடுப்பது மேம்பட்டது; குழந்தைகள் தாமாகவே தொடர்பைத் தொடங்குவதும் கூடியது. மையத்தில் வாரத்துக்கு இரண்டு மூன்று அமர்வுகள்தான் கிடைத்தாலும், அங்கே கற்றதைக் குளியலிலும் சாப்பாட்டிலும் பேருந்துப் பயணத்திலும் நீங்கள் தொடர்ந்தால் அது பெரிய பலம். ஆகவே, அடுத்த மூன்று மாதங்களுக்கான இலக்குகளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ‘பேச்சு முன்னேறும்’ என்பது இலக்கு ஆகாது. ‘வேண்டிய பொருளை ஒரு நாளில் ஐந்து முறையாவது சுட்டிக்காட்டிக் கேட்பான்’ என்பது இலக்கு. மூன்று மாதம் கழித்து அதை வைத்தே அவர்களோடு பேசலாம்.

தமிழை நிறுத்தாதீர்கள். ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகள் புழங்கும் வீட்டில் வளர்வதால் ஆட்டிசம் உள்ள குழந்தையின் மொழி வளர்ச்சி பின்தங்குவதாக ஆய்வுகள் காட்டவில்லை. பாட்டி கொஞ்சும் மொழியும், நீங்கள் கோபத்திலும் தூக்கத்திலும் பேசும் மொழியும் தமிழ்தான் என்னும்போது, அதை எடுத்துவிட்டால் அவனைச் சுற்றியிருக்கும் பேச்சே குறைந்துபோகும். பட அட்டைகளைக் கொடுத்தால் வாய்ப்பேச்சு வராமல் போய்விடும் என்று யாராவது பயமுறுத்தினால் அதையும் நம்ப வேண்டாம். அவை பேச்சைத் தடுப்பதில்லை, பல குழந்தைகளுக்குத் துணையாகவே இருக்கின்றன. சென்னையில் உருவான ‘ஆவாஸ்’ என்னும் செயலி படங்களைத் தொட்டுப் பேச உதவுகிறது. அதைத் தமிழிலும் பயன்படுத்தலாம்.

உங்கள் கணவரிடம் ஒன்றைப் பொறுமையாகச் சொல்லுங்கள். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை பரிந்துரைக்கத்தக்கதல்ல என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022 டிசம்பரில் தெரிவித்துவிட்டது. ஆட்டிசத்துக்கென்று சிலர் செய்யும் இன்னொன்று, உடலிலிருந்து உலோகங்களை வெளியேற்றுவதாகச் சொல்லப்படும் கீலேஷன்; அந்தச் சிகிச்சையின்போது, 2005-இல் அமெரிக்காவில் ஐந்து வயதுச் சிறுவன் உயிரிழந்தான். நகையை விற்றாவது மகனைக் காப்பாற்றிவிட வேண்டும் என்று துடிக்கும் தகப்பனின் மனதை நான் குறை சொல்லவில்லை. அந்தத் துடிப்பை விலைக்கு வாங்குபவர்கள் மீதுதான் என் கோபம். அவரை ஓர் அமர்வுக்காவது அழைத்துச் சென்று சக்கரம் சுற்றச் சொல்லுங்கள். பார்த்துச் செய்தவருக்கு, வீட்டில் இருந்தபடியே தன்னாலும் ஏதோ செய்ய முடியும் என்று பிடிபடும்.

மாமியார் சொல்வது ஆறுதலுக்காக. அதில் உண்மையும் இருக்கலாம், தாமதமாகப் பேசும் குழந்தைகள் பலர் உண்டு. ஆனால் உங்கள் மகனிடம் பேச்சுத் தாமதம் மட்டும் இல்லை. கூப்பிட்டால் திரும்பாததும் சேர்ந்திருக்கிறது. காத்திருப்பதில் லாபமில்லை. தெரபியைத் தொடங்கியபின் அவன் வேகமாகப் பேசிவிட்டால் யாருக்கும் நட்டம் கிடையாது. நீங்கள் வளர்த்த விதத்தாலோ, தடுப்பூசியாலோ, செல்போனாலோ இது வரவில்லை என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். தடுப்பூசியைக் குற்றம் சாட்டிய 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை, அதை வெளியிட்ட ‘லான்செட்’ மருத்துவ இதழே 2010-இல் திரும்பப் பெற்றுவிட்டது.

இனி எங்கே போவது? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ டி.இ.ஐ.சி. எனப்படும் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையம் எங்கே இயங்குகிறது என்று விசாரியுங்கள். குழந்தை மருத்துவர், தெரபிஸ்ட், சிறப்புக் கல்வியாளர் ஆகியோரின் சேவை அங்கே இலவசம். விரிவான மதிப்பீடு வேண்டுமானால் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் நிப்மெட் நிறுவனம் இருக்கிறது. ஒருமுறை அங்கே போய்த் திட்டத்தை எழுதி வாங்கி வந்து, ஊரிலேயே தொடரலாம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் சேர்க்கப்பட்டிருப்பதால், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தின் மூலம் மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கும், யு.டி.ஐ.டி. எனப்படும் தனித்துவ அடையாள அட்டைக்கும் விண்ணப்பியுங்கள். சான்றிதழ் கிடைத்ததும் தேசிய அறக்கட்டளையின் ‘நிராமயா’ காப்பீட்டில் சேருங்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரையிலான அந்தக் காப்பீட்டில், குறிப்பிட்ட வரம்புக்குள் தெரபிச் செலவையும் பெறலாம். ரசீதுகளை ஆரம்பத்திலிருந்தே ஒரு கோப்பில் சேர்த்துவையுங்கள். முதல் நாள் போகும்போது மதுரை மருத்துவரின் அறிக்கையையும், பிறந்தபோதான மருத்துவமனைக் குறிப்புகளையும், அவன் வீட்டில் இயல்பாக விளையாடும் இரண்டு மூன்று நிமிட வீடியோவையும் எடுத்துச் செல்லுங்கள். புது இடத்தில் அவன் மிரண்டு ஒடுங்கிவிட்டாலும், வீட்டில் அவன் எப்படி இருக்கிறான் என்பதை அந்த வீடியோவில் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.