மூணு சீட்டு தெரிஞ்சவருக்கு போக்கர் வருமா?

கேள்வி: அண்ணே, நான் விசைப்படகுல வேலை பாக்குறேன். தடைக்காலம் 61 நாளும் கரையில சும்மா கெடக்கும்போது மூணு சீட்டு, ரம்மி ரெண்டும் நல்லா ஆடுவேன். இப்ப போன்ல போக்கர் கத்துக்கலாம்னு ஃப்ரீ காயின் ஆப் ஒன்னு இறக்குனேன், கையில சீக்வென்ஸ் வெச்சுக்கிட்டே கலர் வெச்சவன்கிட்ட தோத்துட்டேன். என்னண்ணே கணக்கு இது?
(பேர் வேண்டாம், மண்டபம்)

பதில்: தம்பி, உங்கள கவுத்தது அந்த மூணு சீட்டுப் பழக்கம்தான். அங்க சீக்வென்ஸ் (நம்பர் வரிசையா வர்றது) பெருசு, கலர் (எல்லாம் ஒரே ஜாதி சீட்டு) அதுக்குக் கீழ. போக்கர்ல தலைகீழ். காரணம் ரொம்ப சிம்பிள், எது அரிதா வருமோ அது பெருசு. 52 சீட்டுல மூணு எடுத்தா கலர் 1,096 விதமா வரும், சீக்வென்ஸ் 720 விதம்தான். அதே போக்கர் மாதிரி அஞ்சு சீட்டுன்னா கலர் 5,108, சீக்வென்ஸ் 10,200. ரம்மி நெனப்புல ஜோக்கரத் தேடாதீங்க, அதுவும் கிடையாது.

போக்கர்ல பெரும்பாலும் எல்லாரும் ஆடுறது ஹோல்டெம்ங்கிற வகை. கையில ரெண்டு சீட்டு, நடுவுல எல்லாருக்கும் பொதுவா அஞ்சு, அதுல மொதல்ல மூணு திறப்பாங்க (ஃப்ளாப்), அப்புறம் ஒன்னு (டர்ன்), கடைசியா ஒன்னு (ரிவர்), இந்த ஏழுல எது நல்ல அஞ்சோ அதுதான் உங்க கை. ரூல் ஒரு சாயங்காலத்துல வந்துரும். வராதது ஃபோல்டு, அதாவது ரம்மில டிராப் அடிக்கிற மாதிரி சீட்டைக் கவுத்துட்டு அந்த ஆட்டத்துல ஒதுங்குறது. புதுசா ஆடுறவங்க வந்த சீட்டையெல்லாம் வெச்சு ஆடுவாங்க, நானும் அப்படித்தான் மாசக்கணக்கா ஆடுனேன். பாம்பன்ல புயல் கூண்டு ஏத்திட்டா வலைய மடிச்சுட்டு கரையில நிக்கிறோம்ல, அதை யாராவது தோல்வின்னு சொல்வாங்களா? 9-ம் 4-ம் வந்தா கவுத்து வெச்சுட்டு மத்தவங்க எப்படி ஆடுறாங்கன்னு பாருங்க, கடைசியா பேசுற இடம் உங்களுக்கு வந்தா மட்டும் கொஞ்சம் தாராளமா இருங்க, ஏன்னா மத்தவன் என்ன பண்ணான்னு பாத்துட்டு முடிவெடுக்கலாம்.

இன்னொரு கணக்கு. கையிலயும் ஃப்ளாப்லயும் சேத்து நாலு ஸ்பேடு வந்துருச்சு, கலருக்கு இன்னும் ஒன்னு வேணும். நீங்க பாக்காத 47 சீட்டுல ஸ்பேடு 9, அதாவது அடுத்த சீட்டுல வர அஞ்சுல ஒரு சான்ஸ். நடுவுல 400 காயின் கெடக்கு, எதிராளி 100 போடுறான். நீங்க 100 போட்டா மொத்தம் 600, ஆறுல ஒரு தடவை ஜெயிச்சாலே போட்டது திரும்பிரும், அதனால போடலாம். அவன் 400 போட்டா மூணுல ஒரு தடவையாவது வரணும், வராது, விட்டுருங்க.

கேள்வி: ரெண்டு ஏஸ் வந்தும் தோத்தேன். ஆப்ல ஃபிராடா?
(தொண்டி வாசகர்)

பதில்: ரெண்டு ஏஸ் சராசரியா 221 தடவைக்கு ஒரு தடவைதான் வரும், அதான் தோத்தா அவ்வளவு எரியுது. எதிர்ல ஒருத்தர்னா நூத்துல சுமார் 85 தடவை ஜெயிக்கும். எட்டுப் பேர் கடைசி வரைக்கும் நின்னா மூணுல ஒரு தடவைக்கு கொஞ்சம் மேலதான். ஃப்ரீ டேபிள்ல கம்மியா போட்டா, போனா போகுதுன்னு ஒருத்தரும் ஃபோல்டு பண்ண மாட்டாங்க, அதான் சிக்கல். மொதல்லயே நல்லா ஏத்திப் போடுங்க, பாதிப்பேர் ஓடிருவாங்க.

கேள்வி: அண்ணா, எங்க வீட்டுக்காரர் டெலிகிராம்ல யாரோ போக்கர் கத்துத்தர்றாங்கன்னு 500 ரூபா கட்டச் சொல்றாங்கன்னு சொல்றார், கட்டுனா டபுளாம். கட்டலாமா?
(பாம்பன் வாசகி)

பதில்: கட்டாதீங்க தங்கச்சி. 2025 ஆகஸ்ட்ல பார்லிமெண்ட்ல பாஸான சட்டப்படி, திறமை ஆட்டமோ அதிர்ஷ்ட ஆட்டமோ, ஆன்லைன்ல காசு வெச்சு ஆட வைக்கிறவனுக்கு 3 வருஷம் வரை ஜெயில், 1 கோடி வரை அபராதம். அதுக்கப்புறமும் ஒருத்தன் டெலிகிராம்ல வந்து கூப்பிடுறான்னா அவன் கத்துத்தர வரல. ஏற்கனவே கட்டியிருந்தா வெக்கப்படாம இன்னைக்கே சைபர் கிரைம் உதவி எண் 1930-க்கு போன் போடச் சொல்லுங்க, ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் அழிச்சுராதீங்க.